டன் கணக்கு

லேகோஸில் மின்சாரம் திரும்பினால்
தெருப் பிள்ளைகள் "அப் நேப்பா!" என்று கத்தும்.
எங்கள் கூடத்தில் யாரும் கத்துவதில்லை.
வந்ததும் போனதும் உள்ளே தெரியவே கூடாது,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எந்த ரேக்கில் எத்தனை வாட் ஏற்றலாம்,
இதுதான் வேலை.
சர்வரின் முதுகில் எழுநூற்றைம்பது வாட் என்று அச்சடித்திருக்கும்.
விசிட்டிங் கார்டில் சீஃப், டாக்டர், எஞ்சினியர்
மூன்றையும் அடுக்கிக்கொள்ளும் ஆளைப்போல.
கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தால்
முந்நூற்றெண்பது.

ரேக்குக்கு இரண்டு லைன், ஏ, பி.
எதிலும் நாற்பது சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன்.
ஒன்று விழுந்தால் மற்றது எண்பதைத் தூக்கும்,
கொஞ்சம் மூச்சும் மிஞ்சும்.
"பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறதே எபியரே"
என்பார் மேலாளர் அகின்டுண்டே,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை,
அன்றுதான் கண்டுபிடித்தவர் மாதிரி.

உள்ளே போன வாட் எதுவும் அங்கே தங்குவதில்லை.
வங்கிக் கணக்கு, கால்பந்து ஸ்கோர்,
யாரோ யாருக்கோ அனுப்பிய கல்யாண வீடியோ,
வேலை முடிந்ததும் எல்லாம் வெறும் சூடு.
மூன்றரை கிலோவாட் சூட்டுக்கு ஒரு டன் குளிர்.
டன் என்றால் பழைய அளவு:
ஒரு டன் ஐஸ் ஒரு முழு நாள் உருகி
விழுங்கக்கூடிய வெப்பம்.
எங்கள் கூடத்துக்கு நூற்றிருபது.

கேட்டுக்கு வெளியே நிமோட்டா ஐஸ் விற்கிறாள்,
மீன்காரிகளுக்கு.
நாளுக்கு அறுபது கட்டி, கட்டிக்கு இருபது கிலோ,
சாக்கும் மரத்தூளும் போர்த்தி.
ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்தேன்:
அவள் வண்டி மொத்தமும் எங்களுக்குக்
கால் மணி நேரம்.
சொன்னதும் வண்டியையும் கட்டடத்தையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
"உள்ளே என்ன, நரகமா வைத்திருக்கிறீர்கள்?"

ஜனவரியில் ஹர்மட்டான் புழுதி அடைத்து
ஒரு சில்லரைக் கழற்றிப் போட்டிருந்தோம்.
இன்னொன்று அன்று மதியம் படுத்துவிட்டது.
இருபத்துநான்கு டிகிரி.
இருபத்தொன்பது.
தாமுனோ ஸ்பேனரோடு மாடிக்கு ஓடினான்.
முப்பத்தாறு.
எதை முதலில் அணைப்பது என்று ஒரு பட்டியல் உண்டு,
எழுதியவள் நான்தான்,
கை நடுங்காது என்று நினைத்திருந்தேன்.
சோதனை இயந்திரங்கள்.
பிறகு ஏழாம் வரிசையின் கடைசி மூன்று ரேக்,
கோல்டன் ஹெரான் டிராவல்ஸ்.
அணைத்தேன். ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன்,
திட்டு வாங்க.

முப்பத்தெட்டில் சில்லர் இருமி, எழுந்து, ஓடியது.
தாமுனோ தரையில் உட்கார்ந்து ஃபான்டா கேட்டான்.

கோல்டன் ஹெரான் அழைக்கவில்லை.
அன்றும் இல்லை, அந்த வாரமும் இல்லை.
நானே அழைத்தேன்: இந்த எண் உபயோகத்தில் இல்லை.
இரண்டு வருடம் முன்பே மூடிவிட்டார்களாம்.
முன்பணம் மட்டும் எங்கள் புத்தகத்தில்
மாதாமாதம் தேய்ந்துகொண்டிருந்தது.

பத்தரை கிலோவாட்.
இரவும் பகலும்
விற்பனைக்கு இல்லாத டிக்கெட்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு.
தினம் மூன்று டன்.
நிமோட்டாவின் வண்டிபோல் இரண்டு வண்டி,
அதற்கு மேலும் கொஞ்சம்,
ஒவ்வொரு நாளும் உருகியிருக்கிறது.
அக்டோபரில் யாபா மருத்துவமனை டாக்டர் எனோபாங்
ஸ்கேன் படங்கள் வைக்க நாலே கிலோவாட் கேட்டார்.
"இடம் இருக்கிறது டாக்டர், மின்சாரம்தான் இல்லை"
என்று நான் சொன்னேன்,
சரியான கணக்கோடு.

நிமோட்டாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சாக்கை இழுத்து மூடினாள்.
"அதற்கு யார் காசு கொடுத்தது?"

மாலை எனோபாங் எடுக்கவில்லை.
மறுநாளும்.
வெள்ளிக்கிழமை அவரே அழைத்தார்,
பின்னால் யாரோ குழந்தை அழுதுகொண்டிருந்தது.
எத்தனை இயந்திரம் டாக்டர், எவ்வளவு வாட்?
இருங்கள் என்று திருப்பிப் பார்த்தார் போல.
"முதுகில் எழுநூற்றைம்பது என்று போட்டிருக்கிறது..."

அதை விடுங்கள், என்றேன்.
மீட்டரோடு நான் வருகிறேன்.